மடக்கு மின்சைக்கிளும் நமது சங்கக் கடனும்

மடக்கு மின்சைக்கிள் வாங்குவதற்குச் சங்கத்திலிருந்து கடன் கொடுக்க வேண்டும் என்று அங்கத்தினர் சிலர் மனுச் செய்திருக்கின்றனர். நெசவாளர் பகுதியிலிருந்தும் விவசாயிகள் பகுதியிலிருந்தும் இம்மனுக்கள் வந்துள்ளன. அடுத்த பொதுக்குழுவில் இவ்விஷயம் விவாதத்திற்கு வரவிருப்பதால், அதற்கு முன்பாக என் அபிப்பிராயத்தை இப்பத்திரிகையின் வாயிலாக அன்பர்கள் முன் வைப்பது நலமென்று எண்ணுகிறேன். கடனைத் தடுப்பது என் நோக்கமன்று. ஆயினும் எந்த வண்டிக்கு, எவருக்கு, எத்தனை மாதத் தவணையில் என்று தீர்மானியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால், வண்டி வீட்டு மூலையில் நிற்கும். தவணை மட்டும் மாதந்தோறும் கூலியிலிருந்து பிடிபட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு முன் வேறு சில பொருள்களின் விஷயத்தில் நாம் பட்ட பாடு மூத்த அங்கத்தினருக்கு நினைவிருக்கும்.

கேள்விப்பட்டதை மட்டும் வைத்து நான் இதை எழுதவில்லை. என் தங்கை மகன் வாங்கியிருந்த மடக்கு வண்டி ஒன்றைச் சென்ற சித்திரை மாதத்தில் மூன்று வாரம் இரவல் பெற்று, செல்லூரிலிருந்து வைகையைக் கடந்து, திருப்பரங்குன்றத்துக்கு அப்பால் நிலையூர் வரை பலமுறை போய் வந்தேன். போக வர இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலாகும். சில நாட்களில் வெறுங்கையோடும், சில நாட்களில் பின்கேரியரில் நூல் மூட்டையோடும் சென்றேன். 20 அங்குலச் சக்கரம். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம். பின்சக்கரத்தின் குடத்திலேயே அமைந்த 250 வாட் மோட்டார். மொத்த எடை 22 கிலோ. இன்று 30,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரையில் விற்கும் மடக்கு வண்டிகளிற் பெரும்பாலானவை ஏறத்தாழ இந்த அமைப்பைச் சேர்ந்தவையே. புனேயைச் சேர்ந்த இமோடோராட் கம்பெனியின் டூடுல் போன்ற சில வண்டிகள் அதே 20 அங்குலச் சக்கரத்தில் 4 அங்குல அகலமுள்ள பருத்த டயருடன் வருகின்றன. அவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரைமணிச் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருக்கும் மின்கல வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்பெறாது. மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணைசெய்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் தானே நின்றுவிடும் சைக்கிளுக்கும் இவ்வாறே விலக்கு உண்டு. பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டா. ஆனால் அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் இந்நிபந்தனைகளைச் சரிபார்த்து ஒப்பியிருக்க வேண்டும். வேகத் தடையை எடுத்துவிட்டுத் தருகிறேன், பெரிய மோட்டார் பூட்டித் தருகிறேன் என்று சொல்லும் வியாபாரியிடம் வாங்கினால், அது பதிவில்லாத மோட்டார் வாகனமே ஆகும். அவ்வண்டியில் சென்று விபத்தில் சிக்கினால் நஷ்டஈடும் வழக்கும் நம் தலையில் விழும். ஆகவே சோதனைச் சான்று காட்டாத வண்டிக்கு ஒரு ரூபாய் கூடச் சங்கம் கடன் கொடுக்கலாகாது. இதில் விவாதத்திற்கே இடமில்லை என்பது என் கருத்து.

இனி மடக்கும் விஷயத்திற்கு வருவோம். சைக்கிளை எதற்காக மடக்க வேண்டும்? இக்கேள்வியை வாங்குவோரிற் பலர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பாராசூட் படையினருக்கென பி.எஸ்.ஏ. கம்பெனி மடக்கு சைக்கிள்களைச் செய்தது. விமானத்திலிருந்து வீரனோடு வண்டியும் குதிக்க வேண்டியிருந்தது, ஆகவே மடக்கினார்கள். 1970களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி என்பவர் பிராம்ப்டன் என்ற பெயரில் 16 அங்குலச் சக்கர வண்டியை அமைத்தார். புறநகரிலிருந்து ரயிலேறி நகருக்கு வேலைக்குச் செல்வோர், இரு முனைகளிலும் சைக்கிளில் செல்வதற்கு அது பயன்பட்டது; ஆகவே மடக்கினார்கள். இரண்டிலும் மடக்குவதற்கு நியாயம் இருந்தது. அந்நியாயம் நம்மிடம் இருக்கிறதா என்பதே நாம் பார்க்கவேண்டியது.

மனுச் செய்தவர்களில் ஒருவர் சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால் விவசாயி. அவர் சொல்லும் காரணம் செவ்வையானது. ஊரிலிருந்து சோழவந்தான் ஸ்டேஷன் வரை ஓட்டி வந்து, வண்டியை மடக்கி ரயிலில் வைத்து, மதுரை ஜங்ஷனில் இறங்கி, மீண்டும் விரித்து மாட்டுத்தாவணி வரை செல்லலாம் என்பது அவர் எண்ணம். கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் பயணிகள் தம்முடன் வைத்துக்கொள்ளும் பெட்டிகளுக்கு ரயில்வே வகுத்துள்ள அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்பதாகும். இரண்டாம் வகுப்பில் கட்டணமின்றி எடுத்துச் செல்லக்கூடிய பாரம் 35 கிலோ. எடையைப் பொறுத்தவரை வண்டி தேறிவிடுகிறது. அளவில்தான் தோற்கிறது. நான் ஓட்டிய வண்டியை மடக்கி அளந்தபோது நீளம் 88, உயரம் 70, கனம் 45 செ.மீ. இருந்தது. உலகிலேயே மிகச் சிறியதாக மடங்குவனவற்றுள் ஒன்று என்று பெயர் பெற்ற, மோட்டார் இல்லாத பிராம்ப்டன் சைக்கிள் கூட 58.5 × 56.5 × 27 செ.மீ. ஆகிறது, கனத்தில் இரண்டு சென்டிமீட்டர் மிகுதி! கூட்டமில்லாத வண்டியில் டிக்கெட் பரிசோதகர் கண்டும் காணாமல் போகலாம். காலை வேளை மதுரை வண்டியில் கூட்டமில்லாத நாள் எது? 22 கிலோ எடையை ஒரு கையால் தூக்கி, மறு கையில் வெற்றிலைக் கட்டோடு படியேறுவது எவ்வளவு எளிது என்பதையும் அவர் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். டவுன் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆயினும் அவருடைய கோரிக்கையை நான் தள்ளிவிடவில்லை. அவருக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு உள்ள தூரத்தைச் சாதாரண சைக்கிளில் கடந்து அதை அங்கேயே விட்டுவிட்டு, மதுரைப் பக்கத்தில் மட்டும் ஒரு மின்சைக்கிளை, தெரிந்தவர் வீட்டிலோ சங்கக் கட்டடத்திலோ வைத்துக்கொள்ளலாம். இரண்டு சாதாரண வண்டிகளின் விலை ஒரு மடக்கு வண்டியின் விலையை மிஞ்சாமற் போகலாம். இவ்வாறு செய்தால் ரயிலில் எதையும் தூக்க வேண்டியதில்லை.

மடக்குவதற்கு மெய்யான நியாயம் இருப்பது நெசவாளர் வீட்டில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நமது நெசவாளர் வீடுகளின் அமைப்பை அன்பர்கள் அறிவர். முன்கூடத்தில் குழித்தறி, அதற்குப் பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. தறிக்கும் சுவருக்கும் இடையில் ஒருவர் பக்கவாட்டில் நடந்து போகலாம். முழு சைக்கிளை உள்ளே கொண்டுபோக வழியில்லை. சந்தில் நிறுத்தினால் மழையில் நனையும். பூட்டு இருந்தாலும் விடியற்காலையில் வண்டி இருக்குமென்பது நிச்சயமில்லை. அதிகாலையில் சந்தில் பாவு விரிக்கும்போது யார் வண்டி இடத்தை அடைக்கிறது என்ற சச்சரவும் உண்டு. இத்தகைய வீட்டில், மடக்கித் தறிமேடையின் ஓரத்தில் சாய்த்து வைக்கக்கூடிய வண்டி பெரிய சௌகரியமே. மூன்று வாரமும் நான் அவ்வாறுதான் வைத்தேன். மடக்கி விரிக்க ஒரு நிமிஷத்திற்கு மேல் ஆவதில்லை. ஒருமுறை மட்டும், செயின் எண்ணெய் பாவின் ஓரத்தில் பட்டுவிட்டது. வீட்டில் நான் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை. பழைய துணியால் செயினை மூடிக் கட்டிவிட்டு வைப்பது அவசியம்.

அந்தச் சௌகரியத்திற்கு நாம் கொடுக்கும் விலை சாலையில் தெரிகிறது. சிறிய சக்கரத்திற்கு ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கலாகாது. மோட்டாரின் முறுக்கு விசை ஒன்றாகவே இருக்க, சக்கரத்தின் ஆரம் குறையக் குறையத் தரையை உந்தும் விசை மிகும். ஆகவே 250 வாட் மோட்டார் 20 அங்குலச் சக்கரத்தில் மேட்டை எளிதாக ஏறுகிறது; நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்புகிறது. மலைப்பாங்கான ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். மதுரைச் சமவெளியிலோ ரயில்வே மேம்பாலமும் கண்மாய்க் கரையுமே நமக்கு மலை. மேட்டில் கிடைக்கும் ஆதாயம் நாளைக்கு இரண்டு நிமிஷம். பள்ளத்தில் படும் வேதனை நாள் முழுவதும். 28 அங்குலச் சக்கரம் தாண்டிச் சென்றுவிடும் பள்ளத்தில் 20 அங்குலச் சக்கரம் இறங்கி ஏறுகிறது. 16 அங்குலச் சக்கரம் விழுந்தே விடுகிறது. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டி மூடிய தெருக்களில், குறுக்கே ஓடும் தழும்பு ஒவ்வொன்றும் முதுகெலும்பில் எண்ணப்பட்டுவிடுகிறது. மணற்பாங்கான வண்டிப் பாதையில் முன்சக்கரம் தானே திசை மாறுகிறது. பருத்த டயர் வண்டிகள் இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவை மேலும் கனக்கின்றன. மோட்டார் இல்லாமல் மிதித்தால் கால் ஓய்ந்துவிடும். மின்கலம் விரைவில் தீரும். ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. இந்த வண்டியின் சரித்திரம் முழுவதும் இவ்வாறே.

பாரத்தைப் பற்றி நெசவாளர் அன்பர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பழைய 28 அங்குல ஆடவர் சைக்கிளில் நாம் ஏற்றாத பொருளில்லை. பாவுச் சுருள், நூல் மூட்டை, அரிசிச் சிப்பம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறின. மடக்கு வண்டியில் நடுச்சட்டத்தில் கீல் இருக்கிறது. ஓட்டுபவரின் எடையும் பாரமும் அந்தக் கீலையே வளைக்க முயல்கின்றன. ஓட்டுபவர் உட்பட 100 அல்லது 110 கிலோ வரையில்தான் இவ்வண்டிகளிற் பெரும்பாலானவை தாங்கும் என்று செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். பின்கேரியர் தாங்குவது 20 முதல் 25 கிலோ. எனக்கு 68 கிலோ எடை. நூல் மூட்டை 20 கிலோ இருந்த நாளில் வண்டி ஓடியது. ஆனால் கைப்பிடித் தண்டின் கீலில் மெல்லிய ஆட்டம் தெரிந்தது. ஸ்பானரால் முடுக்கியபின் நின்றது. பத்து நாளில் மீண்டும் வந்தது. கீலின் கொக்கியைத் தினந்தோறும் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இவ்வண்டியைத் தொடாமலிருப்பதே அவருடைய பல்லுக்கு நல்லது.

இப்போது மின்கலம். கடனைப் பற்றிய விவாதத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. 36 வோல்ட்டை 7.5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 270 வாட்-மணி வருகிறது. சேதாரத்தோடு சேர்த்து ஒருமுறை நிரப்ப ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். செலவு இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். இதைக் கேட்டவுடன் அங்கத்தினர் மயங்கிவிடுகின்றனர். மிதிக்காமல் விசையை மட்டும் திருகி ஓட்டினால் கிலோமீட்டருக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாட்-மணி செலவாகும். ஆகவே 22 முதல் 27 கிலோமீட்டர் வரை ஓடும். கூடவே மிதித்தால் 40 கிலோமீட்டர் வரையில் போகலாம். நிலையூர் சென்று வந்த நாட்களில் நான் மிதித்தேன். வீடு வந்து சேர்ந்தேன். மிதியாமல் சென்ற ஒருநாள் பழங்காநத்தத்திலிருந்து செல்லூர் வரை 22 கிலோ வண்டியை வெறுங்காலால் மிதித்துத் தள்ள நேர்ந்தது. விற்பவர் விளம்பரத்தில் எழுதும் தூரம் எப்போதும் இரண்டாவது கணக்கு. வாங்குபவர் ஓட்டுவது எப்போதும் முதற்கணக்கு.

இது புதிய மின்கலத்தின் கணக்கு. லித்தியம் மின்கலம் ஐந்நூறு, எண்ணூறு முறை நிரப்பியபின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அப்போது 270 என்பது 216 ஆகிறது; மிதியாமல் ஓட்டுபவருக்கு 18 அல்லது 20 கிலோமீட்டர்தான் மிஞ்சும். நாள்தோறும் நிரப்புகிறவருக்கு இந்நிலை இரண்டு, இரண்டரை ஆண்டில் வந்துவிடலாம். அதிலும் மின்கலத்தின் முதல் எதிரி வெப்பம். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் மதுரையில், முழுதும் நிரப்பிய மின்கலத்தைத் தகரக் கொட்டகையில் நாள் முழுவதும் வைத்தால் அதன் ஆயுள் கண்முன் குறையும். பொதுவாக 45 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நிரப்பலாகாது என்பது விதி. உச்சிவெயிலில் ஓட்டி வந்தவுடன் கம்பியைச் செருகும் வழக்கத்தை விட்டுவிட்டு, பெட்டி ஆறியபின் அந்தியில் நிரப்ப வேண்டும். விவசாயி அன்பர்கள் மோட்டார் அறையிலேயே நிரப்பி அங்கேயே விட்டுவைக்க எண்ணுவார்கள். அந்தத் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் உள்ளே நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். பெட்டியைக் கழற்றி வீட்டிற்குக் கொண்டுவரத்தக்க வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டிலும் நூலுக்கும் துணிக்கும் அருகில் வைத்து நிரப்புதல் ஆகாது. இரவெல்லாம் செருகிவிட்டு உறங்குதலும் ஆகாது. 42 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில் நான்கு மணி நேரம் போதும்.

புதிய மின்கலத்தின் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. கணக்கிற்காக 12,000 ரூபாய் என்றும், மூன்றாண்டில் மாற்ற வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 333 ரூபாய் ஆகிறது. இதை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளொன்றுக்கு 26 கிலோமீட்டர், மாதத்தில் 25 நாள் மொபெட்டில் செல்பவருக்கு, லிட்டருக்கு 50 கிலோமீட்டரும் பெட்ரோல் 100 ரூபாயும் என்று கொண்டால், மாதம் 1,300 ரூபாய் செலவாகிறது. மின்சைக்கிளில் மின்சாரம் 50, மின்கலத்திற்கு ஒதுக்கீடு 333. மிச்சம் 900 ரூபாய்க்குச் சற்று மேல். 40,000 ரூபாய் வண்டியின் முதல் நான்காண்டுக்குள் திரும்பிவிடும். ஆனால் நாளொன்றுக்கு 6 கிலோமீட்டர் மட்டும் செல்பவருக்குப் பெட்ரோல் செலவே மாதம் 300 ரூபாய்தான். அவருக்கு இவ்வண்டி என்றைக்கும் கட்டுபடியாகாது. பஸ்ஸில் செல்லும் பெண் அங்கத்தினருக்கோ 2021ஆம் ஆண்டு முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே இல்லை. அவர் வாங்குவதானால் நேரத்திற்காகவும் சுதந்திரத்திற்காகவும் வாங்கலாம். பணம் மிச்சமாகும் என்று எண்ணி வாங்கலாகாது.

மொபெட் என்றேன். நமது பகுதியில் மின்சைக்கிளுக்கு மெய்யான போட்டி அதுதான். 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியும், அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகளும் இந்தச் சமவெளியின் விவசாயத்தையே தம் முதுகில் சுமந்திருக்கின்றன என்றால் மிகையன்று. பூக்கூடை, புல்கட்டு, பால்கேன், உரமூட்டை என்று அது ஏற்றும் பாரத்தை எந்த மடக்கு வண்டியும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. விடியுமுன் மல்லிகை பறித்து மார்க்கெட்டுக்கு ஓடுகிற விவசாயி, 25 கிலோமீட்டர் வேகத்தில் தானே நின்றுவிடும் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அரைமணி தாமதித்தால் பூவின் விலை அவருக்காகக் காத்திராது. அவரிடம் மொபெட் ஏற்கெனவே இருந்தால் அதுவே இருக்கட்டும். புதிதாக ஏதேனும் வாங்க வேண்டியவர், பாரமும் குறைவு, தூரமும் பதினைந்து கிலோமீட்டருக்குள் என்றால், உரிமமும் பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டாத மின்சைக்கிளை யோசிக்கலாம். அப்போதும் மடக்கு வண்டிதான் வேண்டும் என்பதில்லை. ஹீரோ லெக்ட்ரோ போன்ற கம்பெனிகளின் மடங்காத மின்சைக்கிள், பெரிய சக்கரமும் உறுதியான சட்டமும் உடையதாக, மடக்கு வண்டியிலும் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. வீட்டில் நல்ல நிலையிலுள்ள பழைய சைக்கிளில் மோட்டார்ச் சக்கரமும் மின்கலமும் பூட்டிக்கொள்வது இன்னும் மலிவு. அதற்கு நேர்மையான மெக்கானிக் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லும்போது, கண்மாய்க் கரையின் சீமைக்கருவேல முள்ளை மறக்க முடியாது. நான் ஓட்டிய மூன்று வாரத்தில் இரண்டு பஞ்சர். பின்சக்கரத்தில் மோட்டார் இருப்பதால் அதைக் கழற்றக் கம்பியைப் பிரிக்க வேண்டும். பெரிய ஸ்பானர் வேண்டும். எங்கள் தெருமுனைக் கடைக்காரர், “அண்ணே, செயின், பிரேக்கு என்றால் சொல்லுங்கள், கம்பி, கரண்டு வேலைக்கு நான் ஆளில்லை” என்று கைவிரித்துவிட்டார். பிறகு சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டலாம் என்று நான் காட்டியதும் ஒட்டிக் கொடுத்தார். சாதாரண அகலமுள்ள 20 அங்குல டியூப் சிறுவர் சைக்கிளுக்கு உரியது. எல்லாக் கடையிலும் உண்டு. 4 அங்குலப் பருத்த டயருக்குரிய டியூப் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தெருமுனைக் கடையில் தொங்குவதை நான் கண்டதில்லை. வாங்குமுன் இதை விசாரித்துக்கொள்வது நலம்.

மின்சாரப் பகுதி பழுதானால் நிலைமை இன்னும் மோசம். என் தங்கை மகனின் வண்டியில் கண்ட்ரோலர் என்னும் சிறிய பெட்டி ஐப்பசி மழையில் நீர் புகுந்து கெட்டுவிட்டது. விற்ற கடைக்காரர் நீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லை என்றார். உதிரிப்பாகம் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அக்கடையின் பெயர் இங்கே அவசியமில்லை. வேறு கடைகளும் அதற்கு அண்ணன் தம்பிகளாகவே இருக்கக்கூடும். “மாமா, ஏழு வாரமும் தவணை மட்டும் தவறாமல் போயிற்று” என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. தறி நின்றால் கூலி நின்றுவிடும் நமது அங்கத்தினரால் அவ்வாறு சிரிக்க இயலாது. வைகையில் நீர் வரும் மாதங்களில் யானைக்கல் தரைப்பாலத்தின் வழியாகவோ, தண்ணீர் தேங்கிய ரயில்வே சுரங்கப் பாதையின் வழியாகவோ இவ்வண்டியை ஓட்டுவதாக எண்ணியிருப்பவர் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

பெண் அங்கத்தினர் சிலர், சேலையோடு ஏறி இறங்கத் தாழ்ந்த சட்டமுள்ள வண்டி வேண்டும் என்பதற்காகவே மடக்கு வண்டியைக் கேட்கின்றனர். அது நியாயமான காரணமே. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் காலத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டனர். சைக்கிள் வாங்க பாங்குக் கடனுக்கும் ஏற்பாடாயிற்று. அப்போது நடந்த ஒரு விஷயம் என் மனத்தில் நிற்கிறது. பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமையால் பலர் ஆடவர் சைக்கிளையே வாங்கினர். வாங்கிய பின் அதுவே மேல் என்றும் சிலர் சொன்னார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமல்லவா? தம் வேலைக்கு எது உதவும் என்பதை விற்பவரைவிட அப்பெண்கள் நன்றாக அறிந்திருந்தனர். மடக்கு வண்டியில் குழந்தைக்கு இடமில்லை. தாழ்ந்த சட்டமே வேண்டுமானால், மடங்காத மின்சைக்கிளிலும் அவ்வகை உண்டு. ஆகவே “தாழ்ந்த சட்டம்” என்பதையும் “மடக்கு” என்பதையும் ஒன்றென எண்ணிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பொதுக்குழுவில் நான் கொண்டுவர உத்தேசித்திருக்கும் யோசனை இதுதான். மின்சைக்கிளுக்குச் சங்கம் கடன் கொடுக்கலாம். மடங்காத வண்டிக்கு முதல் உரிமை. மடக்கு வண்டிக்குக் கடன் கேட்பவர், வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை என்பதை நிர்வாக சபையினர் ஒருவர் நேரில் கண்டு எழுதிய குறிப்போடு கேட்கட்டும். குழித்தறி வீட்டாரில் பெரும்பாலார் இதில் தேறிவிடுவர் என்பது எனக்குத் தெரியும், தேறட்டும். தவணை 24 மாதத்திற்கு மேற்படலாகாது. மின்கலம் நலிந்த பின்னும் கடன் நிற்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. கடன் தவணையோடு மாதம் 350 ரூபாய் அங்கத்தினர் பெயரிலேயே மின்கலச் சேமிப்பாகப் பிடிக்கப்பெற வேண்டும்; அது அவருடைய பணம், வட்டியோடு அவருக்கே சேரும். தவணை பெரிதாகிவிடுகிறதே என்று சிலர் முறையிடுவர். பெரிதாகத்தான் இருக்கிறது. அதைத் தாங்க இயலாதவருக்கு இந்த வண்டியையும் தாங்க இயலாது என்று முன்னரே தெரிந்துவிடுவது நல்லதல்லவா? பத்து அங்கத்தினர் சேர்ந்து ஒரே வகை வண்டி வாங்கினால், கண்ட்ரோலர் இரண்டும் டியூப் இருபதும் சங்க டிப்போவில் இருப்பு வைத்துவிடலாம். ஏழு வாரம் காத்திருக்க நேராது. விலையிலும் ஏதோ குறையும். ஆனால் என் மனத்தில் பெரிதாக இருப்பது அந்த இருப்புதான்.

நண்பர் ஒருவர், “இவ்வளவு குறை சொல்லிவிட்டு நீங்கள் என்ன வாங்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். என் வீட்டிலும் தறி முன்கூடத்திலேயே இருக்கிறது. பாரம் 20 கிலோவுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. மிதிப்பதற்கு இன்னும் முழங்கால் இடங்கொடுக்கிறது. ஆகவே சாதாரண டயருள்ள 20 அங்குல மடக்கு வண்டியையே நான் வாங்குவேன். எனக்கு எதிர்வீட்டுக்காரர் வாங்கினால் வேண்டாமென்பேன். அவருக்குத் திண்ணை இருக்கிறது.

பொதுக்குழு நாளன்று என் தங்கை மகனின் வண்டியைச் சங்க வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். மனுச் செய்திருக்கும் அன்பர்கள் தாம் வழக்கமாக எடுத்துச் செல்லும் மூட்டையையோ கூடையையோ உடன் கொண்டுவர வேண்டும். அதைக் கேரியரில் கட்டித் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்து, மூட்டையை இறக்கி, வண்டியை மடக்கி, சங்கக் கட்டடத்தின் ஏழு படிகளையும் ஏறிய பிறகு மனுவில் கையொப்பமிடலாம்.